கைப்பிடி மசோதாவின் விலை

வாஷிங்டனில் எங்கள் அலுவலகம் வெளியிடும் ஒவ்வொரு அறிக்கையின் கடைசிப் பக்கத்திலும் அதை எழுதியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். நாடாளுமன்றத்துக்கு ஒரு மசோதா வந்தால், அது சட்டமானால் பத்து ஆண்டுகளில் அரசுக்கு எவ்வளவு செலவாகும் என்று கணித்துச் சொல்வது எங்கள் வேலை. அந்தக் கணிப்பில் சந்தேகம் இருப்பவர்கள் கேட்கலாம் என்பதற்காகத்தான் எண்ணைப் போடுகிறோம். யாரும் கேட்பதில்லை. கான்ஸ்டன்ஸ் பிலாக், எங்களுக்குக் கோனி, அங்கே சேர்ந்து பதினெட்டு ஆண்டுகளில் அவளுக்கு அப்படி மூன்று அழைப்புகள் வந்திருந்தன. அவற்றில் ஒன்று பீட்சா கடை என்று நினைத்துத் தவறாக வந்தது.

நான் மருந்துச் செலவுகளைப் பார்ப்பவன். கோனி முதியோர் காப்பீட்டைப் பார்ப்பவள். எங்கள் இருவருக்கும் நடுவே தோள் உயரத் தடுப்பு ஒன்று இருந்தது. அவள் யாரிடம் பேசினாலும் எனக்குக் கேட்கும். அதனால் இந்தக் கதையில் பாதியை நான் ஒட்டுக் கேட்டே தெரிந்துகொண்டேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்த ஆண்டு மார்ச்சில் டெஸ்மண்ட் டார்ப்லி வந்தான். ஒரு செனட்டரிடம் சுகாதார விவகாரங்களைக் கவனித்துக்கொள்பவன். அந்த செனட்டர் அம்மாள் தன் மாநிலத்தில் முதியோர் விடுதிகளுக்குப் போகும்போதெல்லாம், "இங்க எப்படி வந்து சேர்ந்தீங்க?" என்று ஒவ்வொருவரையும் கேட்பாராம். பாதிப் பேர் ஒரே பதிலைத்தான் சொன்னார்களாம்: "குளியலறையில விழுந்துட்டேன்." அதிலிருந்து பிறந்தது கைப்பிடி மசோதா. அறுபத்தைந்து வயது தாண்டிய யார் வீட்டுக்கும் பயிற்சி பெற்ற ஒருவர் வந்து பார்ப்பார். எங்கெங்கே விழ வாய்ப்புண்டு என்று சொல்வார். சுவரில் பிடிக்கக் கைப்பிடி, குளிக்கும்போது உட்கார நாற்காலி எல்லாம் அரசு செலவில் பொருத்தித் தரப்படும். செனட்டர் கூட்டங்களில் பளபளக்கும் எஃகுக் கைப்பிடி ஒன்றைத் தூக்கிக் காட்டிப் பேசுவார். கைதட்டல் எழும்.

ஐந்து வாரம் கழித்து கோனி கொடுத்த எண் பதினொன்று புள்ளி நான்கு பில்லியன் டாலர்.

டெஸ்மண்ட் நேரிலேயே வந்துவிட்டான்.

"கோனி, ஒரு கைப்பிடி நாப்பது டாலர். ஒரு இடுப்பெலும்பு உடைஞ்சா நாப்பதாயிரம். என் மருமகனுக்கு ஒன்பது வயசு, அவன்கூட இதுல மிச்சம் எவ்வளவுன்னு சொல்லிடுவான்."

"அவனை வேலைக்கு அனுப்பு. எங்களுக்கு ஆள் பத்தல," என்றாள் கோனி. "விழப்போறவங்களுக்கு மட்டும் கைப்பிடி கொடுத்தா நாளைக்கே பணம் மிச்சம்தான். யாரு விழப்போறாங்கன்னு உன் மசோதா சொல்லுதா? ஆறு கோடிப் பேரு வீட்டுல மாட்டச் சொல்லுது. இப்பவே சொந்தக் காசுல மாட்டிக்கிட்டவங்களும் இனிமே அரசாங்கத்துக்கிட்ட வாங்கிக்குவாங்க. ஏன் வாங்க மாட்டாங்க? நானா இருந்தாலும் வாங்குவேன்."

"சரி, ஆனா விழாதவங்களால வர்ற மிச்சம்?"

"கழிச்சிருக்கேன். அப்புறம் விழாதவங்க இன்னும் கொஞ்ச காலம் இருப்பாங்க. இருந்தா மருந்து, டாக்டர், கண் ஆபரேஷன்னு செலவு இருக்கு. அதையும் கூட்டியிருக்கேன்."

டெஸ்மண்ட் எண் இருந்த தாளை மடித்துப் பையில் வைத்தான். பிறகு, "இதை எங்க அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?" என்றான். அவன் அம்மா என்றது செனட்டரை.

"சொல்லாதே. எண்ணை மட்டும் சொல்லு. எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க."

அதற்குப் பிறகு நடந்ததை நான் எத்தனையோ மசோதாக்களில் பார்த்திருக்கிறேன். மசோதாவைப் பரிசீலித்த செனட் குழுவின் தலைவர் வேறொரு திட்டத்தில் வெட்டி இரண்டு பில்லியன் ஒதுக்கித் தருவதாகச் சொன்னார். அதற்கு மேல் ஒரு காசும் இல்லை. ஆக, மசோதா இரண்டுக்குள் அடங்கியாக வேண்டும். டெஸ்மண்ட் மசோதாவைத் திருத்தி அனுப்புவான், கோனி புது எண் தருவாள். ஏற்கெனவே ஒருமுறை விழுந்தவர்களுக்கு மட்டும் என்றான். ஐந்து புள்ளி இரண்டு. எழுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு மட்டும் என்றான். மூன்று புள்ளி ஒன்று. ஜூன் மாதக் கடைசியில் வந்த திருத்தத்தில், வீட்டுக்கு ஆள் வந்து பார்ப்பது என்ற பகுதியையே எடுத்துவிட்டிருந்தான். கைப்பிடி பெட்டியில் தபாலில் வரும். கூடவே பொருத்தும் முறையை விளக்கும் தாள் ஒன்று. ஒன்று புள்ளி ஒன்பது.

டெஸ்மண்ட் அன்று எங்கள் மாடிக்கே ஒரு பெட்டி டோனட் அனுப்பினான். விதிப்படி நாங்கள் அதைத் திருப்பி அனுப்பினோம்.

கோனி அறிக்கையை முடித்துக் கொடுத்தாள். ஆறாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தாள்: 'தபாலில் அனுப்பப்படும் கைப்பிடிகளால் முதியவர்கள் விழுவது குறிப்பிடத்தக்க அளவு குறையும் என்று இந்த அலுவலகம் எதிர்பார்க்கவில்லை.' வருகைக்கு ஆகும் செலவு போனதால் எண் குறைந்திருந்தது. விழுவது குறையாததால் யாரும் கூடுதல் காலம் வாழப்போவதுமில்லை. அந்த வகையிலும் கொஞ்சம் குறைந்திருந்தது. எதற்கும் பயன்படாது என்பதாலேயே மசோதா பட்ஜெட்டுக்குள் பொருந்திப்போனது. இது கோனிக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது எங்கள் வேலையுமில்லை. இது நல்ல சட்டம், அது கெட்ட சட்டம் என்று பேச ஆரம்பித்தால் எங்கள் எண்ணை அப்புறம் யார் நம்புவார்கள்?

ஜூலை முதல் வாரத்தில் அந்த நான்காவது அழைப்பு வந்தது. அந்தப் பக்கம் பேசியதைக் கோனி பிறகு எனக்குச் சொன்னாள்.

"கான்ஸ்டன்ஸ் பிலாக்கா பேசறது? நான் லியோட்டா ஸ்டாம்பர். கென்டக்கியில இருந்து பேசறேன். உங்க அறிக்கையைப் படிச்சேன்மா."

"சொல்லுங்க."

"ஆறாம் பக்கத்துல ஒரு வரி எழுதியிருக்கீங்க. அது உண்மை. முப்பத்தொரு வருஷமா வீடு வீடாப் போய் வயசானவங்க எங்க விழுவாங்கன்னு பார்த்துச் சொல்ற வேலைதான் செய்யறேன், அது உண்மைன்னு எனக்குத் தெரியும். நான் கேக்க வந்தது வேற. அந்த வரியை வேற யாராவது படிச்சாங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல," என்றாள் கோனி.

"அப்படித்தான் நினைச்சேன். இங்க ஒரு தர்ம அமைப்பு போன வருஷம் நம்ம மாவட்டத்துக்கு இருநூறு பெட்டி அனுப்புச்சு. அதுல எத்தனை சுவத்துல ஏறியிருக்குன்னு நீங்க எண்ணிப் பார்க்கலாம். வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன். சமைச்சும் போடறேன்."

எங்கள் அலுவலகத்தில் இப்படியெல்லாம் யாரும் போவதில்லை. ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்போம். லட்சக்கணக்கான பேரின் விவரங்களைக் கணினியில் ஓட்டுவோம். ஒரு வீட்டைப் போய்ப் பார்த்தால் அந்த ஒரு வீடு மனதில் உட்கார்ந்துகொண்டு மற்ற லட்சத்தையும் மறைத்துவிடும் என்பது எங்கள் பயம். கோனிக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனாலும் அந்த வாரக் கடைசியில் விடுப்பு போட்டாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான்தான் ஓட்டினேன். எட்டு மணி நேரப் பயணத்தில் பாதி நேரம், இந்தப் பயணம் எந்தவிதத்திலும் கணிப்பைப் பாதிக்காது என்று அவள் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

லியோட்டா அறுபதைத் தொட்ட, உயரமான பெண். கோனியை முதலில் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"நீ இவ்வளவு சின்னதா இருப்பேன்னு நினைக்கல கண்ணு. பில்லியன் பில்லியனா எழுதறியே."

பீன்ஸ் சூப்பும் சோள ரொட்டியும் போட்டார். பிறகு அவருடைய பிக்கப் வண்டியில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து மலை ஏறினோம். அன்று பதினோரு வீடுகளைப் பார்த்தோம். இரண்டு வீடுகளில்தான் கைப்பிடி சுவரில் இருந்தது. அதில் ஒன்று ஆளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அதில் ஒரு ஃபெர்ன் செடி தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற ஒன்பதும் அலமாரியில், கட்டிலடியில், பெட்டி பிரிக்காமல்.

கடைசி வீடு ஆர்வில் டாக்கெட்டுடையது. எழுபத்தெட்டு வயது, சுரங்கத்தில் வேலை பார்த்தவர், மனைவி இல்லை. வசந்த காலத்தில் ஒருமுறை விழுந்து விலா எலும்பு முறிந்திருக்கிறது.

"பெட்டி எங்க ஆர்வில்?" என்றார் லியோட்டா.

"பத்திரமா இருக்கு."

"ஏன் மாட்டல?"

"எங்க மாட்டறதுன்னு தாள்ல போடல. 'உங்களுக்கு வசதியான இடத்தில்'னு போட்டிருக்கு. வசதியான இடம் தெரிஞ்சா நான் ஏன் விழறேன்?"

லியோட்டா அவரைக் குளியலறைக்குள் போய்த் தொட்டியில் இறங்கி ஏறச் சொன்னார். உடுப்போடுதான். வாசலில் நின்று பார்த்தார். இன்னொரு முறை செய்யச் சொன்னார். மூன்றாவது முறையும். மூன்று முறையும் ஆர்வில் ஏறும்போது இடது கை தானாகப் போய்த் துண்டு தொங்கவிடும் கம்பியைப் பிடித்தது. அந்தக் கம்பி சுவரில் இரண்டு சின்னத் திருகாணிகளில் நின்றது. அவர் பிடிக்கும்போதெல்லாம் ஆடியது.

லியோட்டா பென்சிலை எடுத்து அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார்.

"எங்க வேணும்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியாது," என்றார் எங்களிடம். "ஆனா கைக்குத் தெரியும். அதைத்தான் நின்னு பார்க்கணும். நாப்பது நிமிஷம் ஆகும். உங்க மசோதாவுல அதைத்தான் வெட்டிட்டாங்க."

அந்த வீட்டில் துளையிடும் கருவி இல்லை. லியோட்டா வண்டியிலிருந்து தன்னுடையதைக் கொண்டுவந்து தானே பொருத்தினார். அவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஆர்வில் கோனியிடம், "நீ அரசாங்கத்துல என்ன பண்றேம்மா?" என்று கேட்டார். கோனி சொன்னாள். சுருக்கமாகச் சொல்லத் தெரியாதவள், முழுதாகவே சொன்னாள்.

"அப்போ நான் விழாம இன்னும் பத்து வருஷம் இருந்தா அரசாங்கத்துக்கு நஷ்டம்?"

நான் தரையைப் பார்த்தேன். கோனி அவரையே பார்த்துச் சொன்னாள்: "கொஞ்சம் செலவுதான், மிஸ்டர் டாக்கெட்."

"எவ்வளவு?"

"உங்க வயசுக்கு வருஷத்துக்குப் பதினஞ்சாயிரம் வரலாம்."

ஆர்வில் யோசித்தார். "முப்பத்திரண்டு வருஷம் வரி கட்டியிருக்கேன். பதினஞ்சாயிரம் பரவாயில்ல. நான் தொண்ணூறு வரைக்கும் இருக்கேன்னு எழுதிக்கோ." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து, விலாவைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் கோனி, வர்ஜீனியா எல்லை தாண்டியதும், "ஒரு வீடு எண்ணாகாது," என்றாள். கொஞ்ச தூரம் போனபின், "பதினொண்ணும் ஆகாது," என்றாள்.

ஆனால் திங்கட்கிழமை அவள் பழைய ஆய்வுகளை எல்லாம் மறுபடி எடுத்தாள். இருபத்து மூன்று ஆய்வுகள். முதல் முறை அவை எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்திருந்தாள். இந்த முறை ஆள் வந்து பார்த்த ஆய்வுகளை ஒரு பக்கமும், பொருளை மட்டும் கொடுத்தவற்றை மறுபக்கமும் பிரித்து வைத்தாள். அந்த வேலைக்கு அவளுக்கு ஒன்பது நாட்கள் ஆயின. பலன் முழுவதும் முதல் பக்கத்தில் இருந்தது. அதிலும் ஐந்து ஆய்வுகளில் ஆள் வந்து இடத்தைக் காட்டியதோடு சரி, பொருள் எதுவும் கொடுக்கவேயில்லை. இருந்தும் பத்தில் ஏழு குடும்பங்கள் தாங்களே வாங்கிப் பொருத்திக்கொண்டிருந்தன.

தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்து என்னைக் கூப்பிட்டாள்.

"இதை நான் மார்ச்சுலேயே பிரிச்சிருக்கணும்."

"உன்னை யாரும் அப்படிக் கேக்கலையே."

"அது ஒரு சாக்கு," என்றாள். "நல்ல சாக்குதான். ஆனாலும் சாக்கு."

மறுநாள் டெஸ்மண்டைக் கீழே காபிக் கடையில் பார்த்தாள். நானும் இருந்தேன்.

"அறிக்கையைப் படிச்சியா?" என்றாள்.

"படிச்சேனே. ஒண்ணு புள்ளி ஒன்பது. அம்மா அதை ஒரு சின்ன ஃபிரேமுல போட்டு மேசை மேல வெச்சிருக்காங்க."

"அது முதல் பக்கம். ஆறாம் பக்கம்?"

அவன் நெளிந்தான்.

"படி. படிச்சுட்டு சந்தேகம் வந்தா எழுத்துல கேளு. எத்தனை கேள்வி வேணும்னாலும் கேளு. எழுத்துல வந்தா நான் பதில் சொல்லியே ஆகணும்."

இது எங்கள் விதிக்குள் அடங்குமா என்று நான் அன்றைக்கே யோசித்தேன். இன்றைக்கும் யோசிக்கிறேன். தன் அறிக்கையைப் படி என்று சொல்வது யோசனை சொல்வதாகுமா? எங்கள் இயக்குநரிடம் கோனி அன்று மாலையே போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "படிக்கச் சொன்னது குத்தமில்ல. அதோட நிறுத்திக்கோ," என்றார்.

டெஸ்மண்டின் கடிதம் இரண்டு நாளில் வந்தது. நான்கு கேள்விகள். முதல் இரண்டும் பதற்றத்தில் எழுதியவை. மூன்றாவது: 'கைப்பிடிகளை விட்டுவிட்டு, வீட்டு வருகைக்கு மட்டும் அரசு பணம் கொடுத்தால் எவ்வளவு?'

ஏற்கெனவே விழுந்தவர்களுக்கு, எழுபது வயதிலிருந்து, ஒரு வருகை: ஒன்று புள்ளி ஏழு பில்லியன். இந்த முறை ஆறாம் பக்கத்தில் வேறு வாக்கியம் இருந்தது. பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ தொண்ணூறாயிரம் பேருக்கு எலும்பு முறிவு தவிரும் என்று.

செனட்டர் அந்தத் தாளைப் படித்துவிட்டு எழுந்து ஜன்னலருகே போய் நின்றாராம். டெஸ்மண்ட் பிறகு சொன்னது இது. "ரெண்டு வருஷமா ஊர் ஊரா கைப்பிடியைத் தூக்கிக் காட்டறேன். கைப்பிடி மசோதாவுல கைப்பிடி இல்லன்னு நான் போய்ச் சொல்லணுமா?" என்றாராம்.

"ஆமாம்மா."

"இன்னொண்ணுல கைப்பிடி இருக்கு, ஆனா யாரும் விழாம இருக்கப்போறதில்ல."

"ஆமாம்மா."

"ஓட்டு எதுக்கு விழும்?"

"கைப்பிடிப் பெட்டிக்குத்தான் விழும்," என்றிருக்கிறான் டெஸ்மண்ட். அதைச் சொல்ல அவனுக்குத் தைரியம் வேண்டியிருந்திருக்கும். செனட்டர் மேசைக்குத் திரும்பிவந்து, "சரி, வருகையைப் போடு," என்றாராம்.

டிசம்பரில் அது தொள்ளாயிரம் பக்கச் சட்டம் ஒன்றுக்குள் நான்கு பக்கமாக நிறைவேறியது. கோனி லியோட்டாவைத் தானே கூப்பிட்டுச் சொன்னாள். அந்தப் பக்கத்துக் குரல் தடுப்பு தாண்டி எனக்கே கேட்டது.

"நல்லது கண்ணு. ரொம்ப நல்லது. ஆனா ஆர்வில் மாதிரி ஆளுங்க கையில நாப்பது டாலர் இருக்காது, தெரியுமா? நான் போய் சுவத்துல பென்சில் கோடு போட்டுட்டு வருவேன். கோட்டைப் பிடிச்சுக்கிட்டா ஏறுவாங்க?"

"பத்துல மூணு பேருக்கு அப்படித்தான் ஆகும்," என்றாள் கோனி. "அதையும் கழிச்சுத்தான் போட்டிருக்கேன்."

"கழிச்சுட்ட. சரி." பிறகு லியோட்டா, "அந்த மூணு பேருக்கு நாங்க சர்ச்சுல வசூல் பண்ணிக்கறோம். நீ அடுத்த தடவை வரும்போது கம்பளிக் கோட்டு கொண்டு வா, இங்க பனி கொட்டுது," என்றார்.

சட்டம் நடைமுறைக்கு வந்து நான்காம் ஆண்டில், செலவு எவ்வளவு ஆனது என்று திரும்பிப் பார்த்தார்கள். கோனி கணித்ததில் பாதிகூட ஆகவில்லை. காரணம் எளிது. லியோட்டா மாதிரி வீட்டுக்கு வரத் தெரிந்தவர்கள் நகரங்களில் இருந்தார்கள்; மலைகளிலும் சமவெளிக் கிராமங்களிலும் ஆள் இல்லை. பல மாவட்டங்களில் வரிசையில் பெயர் கொடுத்தவர்கள் ஒன்றரை வருடம் காத்திருந்தார்கள். காத்திருக்கும்போதே மறுபடி விழுந்தார்கள். யாருக்கு வருகை தேவை என்று கோனி கணக்கெடுத்திருந்தாள். யார் போவார்கள் என்பதைப் போதுமான அளவு பார்க்கவில்லை. இதை அவளே தன் பெயர் போட்டு, 'எங்கள் கணிப்பு ஏன் தவறியது' என்று பன்னிரண்டு பக்கம் எழுதினாள். எங்கள் அலுவலகத்தில் செலவு கூடிப்போனால் விசாரணை நடக்கும். குறைந்துபோனதற்கு விளக்கம் எழுதியவர்கள் அரிது.

அதைப் பற்றிக் குழுவின் முன் பேச அழைத்தார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். புதிதாக வந்த உறுப்பினர் ஒருவர், நல்ல மனிதர்தான், மைக்கை இழுத்துக்கொண்டு கேட்டார்: "மிஸ் பிலாக், சொன்னதைவிடக் குறைச்சலா செலவாகியிருக்கு. இது நல்ல செய்திதானே? எல்லாரும் சந்தோஷப்பட வேண்டியதுதானே?"

கோனி தண்ணீர் குடித்தாள்.

"எவ்வளவு செலவாச்சுன்னு மட்டும்தான் நான் சொல்ல முடியும் சார். நல்லதா கெட்டதான்னு சொல்றது உங்க வேலை."

"சரி, நன்றி."

"வருகைக்குப் பேர் கொடுத்துட்டு யாரும் வராம இருக்கறவங்க எத்தனை பேருன்னு நாலாம் அட்டவணையில இருக்கு. எழுத்துல கேட்டா மாவட்ட வாரியாவும் தர முடியும்."

உறுப்பினர் தலையாட்டிவிட்டு அடுத்தவருக்கு நேரம் கொடுத்தார். அவருக்குப் பின்னால் சுவரோரமாக உதவியாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், மடியில் அறிக்கையோடு. அவர்களில் ஒரு பெண் பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்தவன் அவள் பக்கம் சாய்ந்து தானும் பார்த்தான். மற்றவர்கள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோனி தன் தாள்களை அடுக்கிக்கொண்டு அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தாள்.